வன்தட்டு வேண்டாம், நினைவகம் போதும்! ஷார்ஜாவின் பழைய கணினிகளும் வளைகுடாத் தமிழர் பிள்ளைகளும்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டுத் தவணை மட்டும் கிடைத்தது. விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பதே நிறுவனத்தின் அறிவுரை. மாறுவதற்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ 2017க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2016இல் வாங்கிய, 8 ஜிபி நினைவகம் கொண்ட, ஒரு திருகாணிகூடத் தளராத கணினி இந்தத் தேர்வில் தோற்றுப்போகிறது. அதன் செயலி தேயவில்லை, திரை மங்கவில்லை. ஒரு நிறுவனம் தன் வணிக அட்டவணையில் ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவையெல்லாம் ஒரே நாளில் கிழடாகிவிட்டன!

இப்படி ஓய்வு கொடுக்கப்படும் கணினிகள் வந்து சேரும் இடங்களுள் ஒன்று ஷார்ஜா தொழில்பேட்டை. வளைகுடாத் தமிழர் வாயில் அது 'சனையா'. எண்களால் அழைக்கப்படும் அதன் பகுதிகளில், வண்டி உதிரிப்பாகக் கடைகளுக்கும் இரும்புப் பட்டறைகளுக்கும் மரவேலைக் கூடங்களுக்கும் நடுவே பழைய கணினிகளை மொத்தமாக வாங்கி விற்கும் கிடங்குகளும் உண்டு. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மடிக்கணினிகள் அங்கே அடுக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, வேறு நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. அவற்றுள் வன்தட்டு இல்லாதவையும் உண்டு. உள்ளே இருக்கும் தரவு வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக, விற்கும் நிறுவனங்களே வன்தட்டைக் கழற்றி அழித்துவிடுவது வழக்கம். வன்தட்டு இல்லாத கணினியை வீட்டுக்கென்று வாங்குபவர் அரிது. திரை தனியாக, விசைப்பலகை தனியாக, நினைவகம் தனியாகக் கழன்று போவதே பெரும்பாலும் அதன் கதி.

அந்தக் கிடங்குகளிலிருந்து சிறிது தொலைவில்தான், ரோலாவிலும் அல் நஹ்தாவிலும், தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. 2020 மார்ச் 22 அன்று அமீரகப் பள்ளிகள் தொலைநிலைக் கல்விக்கு மாறின. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே மடிக்கணினிக்காக அவர்கள் முறைவைத்துக் காத்திருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வாங்க முடிந்தவர் கடன் அட்டையில் தவணை கட்டி வாங்கினர். முடியாதவர் கைப்பேசியைக் கையில் கொடுத்து, அந்தச் சிறு திரையிலேயே கணக்கையும் அறிவியலையும் படிக்க வைத்தனர். சனையாவுக்குப் போய் வன்தட்டு இல்லாத கணினி ஒன்றை வாங்கி, ஒரு பென் டிரைவைச் சொருகி, நினைவகத்திலேயே இயங்குதளத்தை ஓட்டலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. சொல்லத் தெரிந்த தமிழ்ப் பொறியாளர்களுக்கோ வளைகுடாவில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. இதுதான் இங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டு.

வன்தட்டு இல்லாமல் கணினி எப்படி ஓடும் என்று கேட்போருக்கு ஒரு சமையலறையைக் காட்டலாம். அரிசி மூட்டையும் அண்டாவும் பரணில் இருக்கின்றன. சமையல் நடப்பது மேடையில். வழக்கமான கணினியில் வன்தட்டுதான் பரண், நினைவகம்தான் மேடை. ஒவ்வொரு கைப்பிடிப் பொருளுக்கும் பரணேறி இறங்கினால் சமையல் என்ன ஆகும்? பழைய கணினி ஆமை போல நகர்வதற்குப் பெரும்பாலும் அதன் செயலி காரணமன்று. இந்த ஏற்ற இறக்கமே காரணம். சுழலும் வன்தட்டு ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. நினைவகத்துக்கு ஏறத்தாழ 100 நானோநொடி போதும். இடைவெளி ஒரு இலட்சம் மடங்கு! நினைவகத்திலிருந்து ஓடும் இயங்குதளம், அன்றைய சமையலுக்கு வேண்டிய அனைத்தையும் தொடக்கத்திலேயே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டு, பரணுக்குப் போகும் ஏணியையே அப்புறப்படுத்திவிடுகிறது.

நுட்பமாகச் சொல்வதானால் நடப்பது இதுதான். கணினி பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது லினக்ஸ் கெர்னலும் அதனோடு ஒரு சிறு தொடக்கத் தொகுதியும் முதலில் நினைவகத்தில் ஏறுகின்றன. அந்தச் சிறு தொகுதி, ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் முறையில் இறுக்கிச் சுருக்கப்பட்ட முழு இயங்குதளத்தையும் தேடிப் பிடித்து நினைவகத்துக்குப் படியெடுக்கிறது. இந்தப் படிமத்தைப் படிக்கத்தான் முடியும். அதில் எழுத முடியாது. அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்தாற்போல இன்னோர் அடுக்கு, அதுவும் நினைவகத்திலேயே, விரிக்கப்படுகிறது. பயனர் எழுதுவதும் மாற்றுவதும் அழிப்பதும் அந்தத் தாளில் மட்டுமே நிகழ்கின்றன. இரண்டு அடுக்கையும் ஒன்றாகக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ், 2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.18 முதல் கெர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. படியெடுத்து முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். கணினி ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் மேலே விரித்த தாள் மறைந்துவிடும். மறுநாள் தொடங்கினால் முதல் நாள் எழுந்ததைப் போலவே புதிதாக எழும்.

கணக்கும் எளியதுதான். 1 ஜிபி அளவுள்ள படிமத்தை, நொடிக்கு 30 எம்பி வேகத்தில் தரும் பழைய யுஎஸ்பி 2.0 வழியாக ஏற்ற அரை நிமிடத்துக்குச் சற்றே மேலாகும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் அதற்குப் பிறகும் ஏறத்தாழ 3 ஜிபி வேலைக்கு மிஞ்சும். உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவதற்கு அது போதும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் சிறிய இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உலாவிதான் அங்கே தொல்லை. இக்காலத்து இணையப் பக்கங்கள் யானைத்தீனி தின்கின்றன. நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி அப்படியே உறைந்து நின்றுவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவற்றில் எதுவும் நேற்று முளைத்த புதுமையன்று. செருமானியப் பொறியாளர் கிளாவுஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் நாப்பிக்ஸை வெளியிட்டார். 700 எம்பி குறுவட்டு ஒன்றில் ஏறத்தாழ 2 ஜிபி அளவுக்கான மென்பொருள்களைச் சுருக்கி அடைத்த அந்த நிகழ்வட்டு, வன்தட்டைத் தொடாமலே கணினியை ஓட்டிக் காட்டியது. தொடக்கத்தில் 'டுராம்' என்று ஒரு சொல்லைத் தட்டினால், நினைவகம் போதுமான அளவு இருக்கும்போது, முழு இயங்குதளமும் நினைவகத்துக்கே குடிபெயர்ந்துவிடும். 2003இல் ஆத்திரேலியாவின் பேரி கௌலர் தொடங்கிய பப்பி லினக்ஸ், தொடக்கம் முதலே நினைவகத்தில் குடியிருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. டைனி கோர் என்பது இன்னும் ஒரு படி மேலே போய், வரைகலைத் திரையோடு சேர்த்து ஏறத்தாழ 20 எம்பிக்குள் அடங்கிவிட்டது. ஒரு திருமண ஒளிப்படத் தொகுப்பே இதைவிடப் பன்மடங்கு பெரிது. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் நிகழ்வட்டுகளும் அதே 'டுராம்' என்னும் சொல்லுக்கு இன்றும் கட்டுப்படுகின்றன. கால் நூற்றாண்டாகக் கைக்கெட்டும் தொலைவில் இருந்த ஒன்று இது.

விலையைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெற்றோர் அதைக் கூர்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும். வளைகுடாத் தமிழ் வீட்டில் கணினி என்பது அச்சத்தோடு தொடப்படும் பொருள். அது அப்பாவின் அலுவலகக் கணினியாக இருக்கும். அல்லது தவணை முடியாத புதுக் கணினியாக இருக்கும். "அதைத் தொடாதே, கெட்டுப்போய்விடும்" என்பதே பிள்ளை கேட்கும் முதல் கணினிப் பாடம். இப்படி வளரும் பிள்ளை படம் பார்க்கும், விளையாடும், ஆசிரியர் கேட்டதை ஒட்டி அனுப்பும். உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கத் துணியாது. பொறியியல் படித்த தந்தையின் பிள்ளை வெறும் நுகர்வோராக வளர்வதைக் கண்டு அந்தத் தந்தைக்கே வருத்தமில்லை என்பதுதான் வேடிக்கை.

நினைவகத்தில் ஓடும் இயங்குதளம் இந்த அச்சத்தை வேரோடு பிடுங்கிவிடுகிறது. பிள்ளை கட்டளை முனையத்தைத் திறந்து, இருக்கும் கோப்புகளையெல்லாம் அழிக்கட்டும். திரை இருண்டுபோகட்டும். கணினியை அணைத்து மீண்டும் தொடங்கினால் அரை நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். நிரல் எழுதக் கற்பவருக்கு வேண்டிய முதல் உரிமை தவறு செய்யும் உரிமை. அதைத் தண்டனையின்றித் தரக்கூடிய கணினி வீட்டில் ஒன்றாவது இருக்க வேண்டாமா? ஒரே ஓர் எச்சரிக்கை: கணினியில் வன்தட்டு இருந்தால் அதை இணைத்துத் திறக்கவும், அதில் உள்ளதை அழிக்கவும் இந்த இயங்குதளங்களுக்கு முடியும். சனையாவில் கழற்றப்பட்ட வன்தட்டு இல்லாக் குறை இங்கே ஒரு வரமாகிவிடுகிறது. அழிக்க அங்கே ஏதுமில்லை!

வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறம் இருக்க, அதே தொழில்பேட்டையின் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் தமிழரைப் பற்றி எத்தனை பேர் கவலைப்படுகின்றனர்? ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில்கள், ஆளுக்கோர் இரும்பு அலமாரி. தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் உதவியாளாக வந்தவர், பண்டகக் காப்பாளராகவோ ஆவணப் பணியாளராகவோ உயர வேண்டுமானால் விரிதாள் தெரிய வேண்டும். விசைப்பலகையில் கை ஓட வேண்டும். கைப்பேசியில் அந்தப் பயிற்சி வாராது. விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு, கடவுச்சீட்டுப் படி என்று எதற்கும் அவர் ஓடுவது தட்டச்சு மையத்துக்கு. அங்குள்ள கணினியில் அவருடைய அமீரக அடையாள அட்டையின் படியும் கடவுச்சீட்டின் படியும் பதிவிறக்கக் கோப்புறையில் எத்தனை மாதம் கிடக்கின்றன என்பதை யாரும் பார்ப்பதில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோரும் உண்டு. அறைத்தோழர் நால்வர் சேர்ந்து வாங்கிய ஒரு பழைய மடிக்கணினியிலோ ஒருவர் விட்டுச் சென்ற உலாவிக் கணக்கில் அடுத்தவர் நுழைந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் ஆளுக்கொரு பென் டிரைவ் இருந்தால் நிலைமையே வேறு. கணினி பொது; இயங்குதளம் அவரவருடையது. வேலை முடிந்து அணைத்தால் கடவுச்சொல்லும் வங்கிப் பக்கமும் கணினியில் தங்குவதில்லை. சேமிக்க வேண்டிய கோப்புகளை அதே பென் டிரைவின் இன்னொரு பகுதியில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். அதன் விலை ரோலாவில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைச் சுற்றியே இருக்கும்.

இதில் மிகைப்படுத்திப் பேசுவோரும் உண்டு. அவர்களால் நன்மையைவிடக் கேடே அதிகம். நினைவகத்தில் ஓடும் கணினி மாயப் போர்வை அன்று. அது கணினியில் தடம் விடுவதில்லை. வலைப்பின்னலில் தடம் விடுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இணைப்பு தெரியும். வங்கிக்கு வாடிக்கையாளர் தெரியும். 2009இல் தொடங்கிய டெயில்ஸ் போன்றவை டார் வலையமைப்பு வழியாக இருப்பிடத்தையும் மறைக்க முயல்பவை. அவை வேறு தேவைக்கானவை. வளைகுடாவில் பிள்ளைகளுக்கு அவற்றை எடுத்துக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். குற்றம் செய்வதற்காகவோ அதை மறைப்பதற்காகவோ இணைய முகவரியை மாற்றிக்காட்டுவோருக்கு, அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் இணையக்குற்றச் சட்டம் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. அணைத்தவுடன் நினைவகம் அந்த நொடியிலேயே வெறுமையாகிவிடுவதும் இல்லை. சில நொடிகள், குளிரூட்டினால் அதைவிட நெடுநேரம், தரவின் எச்சம் சில்லுகளில் தங்கியிருக்கும் என்பதை 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். தொழிலாளர் குடியிருப்பில் உறைதெளிப்பான் ஏந்தி யாரும் காத்திருக்கப் போவதில்லை. ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

இனி, வழக்கமாகக் கேட்கும் மறுப்புகள்.

பள்ளியில் விண்டோஸ் கேட்கிறார்கள் என்பார்கள். பள்ளி கேட்பது பெரும்பாலும் உலாவியில் ஓடும் வகுப்பறையையும் ஓர் ஆவணத்தையும்தான். டீம்ஸ் உலாவியிலேயே ஓடுகிறது. கூகுள் வகுப்பறையும் அப்படியே. ஆவணத்துக்கு லிப்ரே ஆபிஸ் உண்டு. சில பாடங்களுக்கு விண்டோஸ் இன்றி முடியாது என்பதும் உண்மையே. அத்தகைய மென்பொருள் வேண்டியவர் அதற்குரிய கணினியை வாங்கத்தான் வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் அது வேண்டுமா என்பதே கேள்வி.

லினக்ஸ் கடினம் என்பார்கள். அண்டை வீட்டு மலையாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வையே அரசுப் பள்ளி மாணவர் லினக்சில்தான் எழுதுகின்றனர். ஆண்டுதோறும் பல இலட்சம் பிள்ளைகளுக்கு எளிதாக இருப்பது, வாளையாறு தாண்டியதும் கடினமாகிவிடுமா?

விண்டோஸ்தான் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். இதைச் சொல்லும்போது குரல் சற்றே தாழும். கடைக்காரர் ஏற்றித் தரும் திருட்டுப் படியைத்தான் அவர்கள் குறிப்பிடுகின்றனர். உரிமம் இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கும் சிறு மென்பொருள்களோடு நச்சுநிரலும் சேர்ந்து வருவது பலமுறை கண்ட உண்மை. அமீரகத்தின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும். திருக்குறளை மனப்பாடம் செய்யச் சொல்லும் வீட்டில், கள்ளாமை அதிகாரம் கணினி மேசைக்குப் பொருந்தாது என்று யார் முடிவு செய்தார்கள்?

பழைய கணினி எல்லாமே உயிர்த்தெழும் என்று நம்புவதும் கூடாது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான முழுப் பதிப்பைக் கைவிட்டுவிட்டது. இருபது ஆண்டைத் தாண்டிய கணினிக்குப் பப்பியின் 32 பிட் பதிப்பு போன்ற சிலவே துணை. அதற்கு மேல் அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாம். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இன்னும் ஐந்தாறு ஆண்டு உழைக்கக்கூடிய கணினியையும் சேர்த்து அந்த மலையில் கொட்டுவதுதான் தவறு.

இவ்வளவும் சொன்ன பிறகு மிஞ்சுவது தமிழ். குற்றச்சாட்டின் கூர்முனை இங்கேதான் இருக்கிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000களின் தொடக்கத்திலேயே கேடிஈ, நோம் ஆகிய திரைச்சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கத் தொடங்கிவிட்டனர். காசு பணம் எதிர்பாராமல், இரவு கண்விழித்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் அவர்கள். 2007ஐ ஒட்டி, எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் தலைமையில் சூசே லினக்சுக்கு மாறியது. அதே காலத்தில் சிடாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென்று பாஸ் லினக்சை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்துப் பழகக் கற்றுக்கொடுத்த பள்ளிகள் எத்தனை?

இத்தனை உழைப்புக்குப் பிறகும், சிறிய இயங்குதளம் ஒன்றை இறக்கி ஓட்டித் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வெற்றுக் கட்டங்கள் தெரிவது உண்டு. அளவைக் குறைக்கும்போது முதலில் வெளியேற்றப்படுபவை, தயாரிப்பவருக்குத் தெரியாத மொழிகளின் எழுத்துருக்கள். அவர்கள்மீது குறை சொல்வதில் பொருளில்லை. ஆத்திரேலியரும் செக் நாட்டவரும் தம் மொழிக்குச் செய்ததைத் தமிழுக்கும் சேர்த்துச் செய்திருக்க வேண்டும் என்று கேட்க எவருக்கு உரிமை உண்டு? எழுத்துரு இருக்கிறது: லோகித் தமிழ், நோட்டோ இரண்டுமே கட்டற்றவை. உள்ளீட்டு முறை இருக்கிறது: ஐபஸ் வழியாகத் தமிழ்99 கிடைக்கிறது, ஒலியியல் முறையும் கிடைக்கிறது. லிப்ரே ஆபிசுக்குத் தமிழ் முகப்பு இருக்கிறது. எல்லாம் தனித்தனியே கிடக்கின்றன. சொருகியவுடன் தமிழில் எழுந்து நிற்கும்படி அவற்றை ஒரே படிமமாகக் கட்டி, வளைகுடாத் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் வேலைக்குத்தான் ஆளில்லை.

கட்டுவது கடினமோ என்றால் அதுவும் இல்லை. டெபியனின் லைவ்பில்டு கருவிக்கு வேண்டிய மென்பொருள்களின் பெயர்ப் பட்டியலையும் மொழி அமைப்பையும் கொடுத்தால் அது படிமத்தைக் கட்டித் தந்துவிடும். பப்பியிலும் ஆன்டிஎக்ஸிலும், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை விரும்பியபடி மாற்றி, அப்படியே புதுப் படிமமாக வார்த்தெடுக்கும் கருவிகள் உள்ளேயே வருகின்றன. கல்லூரி முதலாண்டு மாணவர் இருவர் இரண்டு மூன்று வார இறுதிகளில் செய்து முடிக்கக்கூடிய பணி. ஆண்டுதோறும் நட்சத்திர இரவுகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் தமிழ் அமைப்புகளுக்கு இது கண்ணில் படாதது எதனால்? மேடையில் வைத்துப் பொன்னாடை போர்த்த இதில் ஆள் இல்லை என்பதாலா? நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சியில் பெற்றோர் தமிழ் நூல்கள் வாங்கிச் செல்கின்றனர், பாராட்டத்தக்கது. அந்த நூலைப் படித்துவிட்டு நான்கு வரி எழுத விரும்பும் பிள்ளை, வீட்டுக் கணினியில் தமிழ் எழுத்தைத் தேடித் தோற்று, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிவிட்டு எழுந்து போகிறது. வளைகுடாவில் தமிழைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளிகள் மிகச் சில. வீட்டுக் கணினியும் தமிழ் பேசாவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத வேறு எந்த இடம் மிஞ்சும்?

இதற்கென்று நிதி திரட்டவும் வேண்டாம், திரட்டவும் கூடாது. அமீரகத்தில் நன்கொடை திரட்ட உரிய அமைப்பின் உரிமம் வேண்டும். 2021இல் வந்த சட்டம் அதை மேலும் இறுக்கியிருக்கிறது. அவரவர் பென் டிரைவை அவரவர் வாங்கிக்கொண்டால் போதும். படிமத்தை அதில் எழுதித் தருவதற்கு ஒரு பொறியாளரின் பத்து நிமிடம் ஆகும். வீடுகளில் நடக்கும் தமிழ் வகுப்புகளில், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் காத்திருக்கும் நேரத்திலேயே அதை முடித்துவிடலாம். படிமத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தமிழ்த் திரைமுகப்பு, தமிழ்99, உலாவி, எழுதியும் சொல் தேடியும் பார்க்க லிப்ரே ஆபிஸ், பிள்ளைகளுக்கு ஜிகாம்பிரி, நிரல் பழக ஸ்கிராட்சும் பைத்தானும். முதல் பதிப்பில் குறைகள் இருக்கும். இரண்டாவது பதிப்பு எதற்கு இருக்கிறது?

கணினி வாங்கச் சனையாவுக்குப் போகும் பெற்றோர் அந்தப் பென் டிரைவைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய அலுவலகக் கணினிகள் சிலவற்றில் தொடக்க அமைப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. நினைவகம் 4 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா, மின்னேற்றி உடன் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கடை மேசையிலேயே எஃப்12 விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம். திரையும் விசைகளும் கம்பியில்லா இணைப்பும் வேலை செய்கின்றனவா என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். விலை பேசும்போது மட்டும், வன்தட்டு இல்லையே என்று முகத்தைச் சற்று வாட்டமாக வைத்துக்கொள்வது நல்லது.